கபிலர் ஏன் பெண்ணாகப் பேசினார்? பெர்சோனா என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

காலடிப்பேட்டை வாசகி | செவ்வாய், இரவு 8.50

நண்பர்களுக்கு வணக்கம். இன்று வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால் இங்கே கொண்டுவருகிறேன்.

பதினோராம் வகுப்புக்குக் குறுந்தொகையின் 25ஆம் பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். 'யாரும் இல்லைத் தானே கள்வன்' என்று தொடங்கும் கபிலர் பாட்டு. அவன் என்னைக் கூடிய அன்று அங்கே யாரும் இல்லை. அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன். தினைத்தாள் போன்ற சிறிய பசிய கால்களை உடைய குருகு ஒன்று மட்டும் இருந்தது, அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது என்கிறாள் தலைவி. காசிமேட்டிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்தாள். "அம்மா, அவன் பொய் சொல்லிவிடுவானோ என்று இந்தப் பெண் பயப்படுகிறாள். ஆனால் பாட்டை எழுதிய கபிலர் ஆண். ஆணாக இருந்துகொண்டு பெண்ணைப் போல 'யான்' என்கிறார். முதல் பொய் அவருடையதுதானே?" வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"இது தலைவி கூற்று, அப்படிப் பாடுவது மரபு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். மரபு என்பது பதில் ஆகாது என்று அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

மேல்நாட்டு இலக்கியத்தில் இதைப் பெர்சோனா என்கிறார்கள். எழுதுகிறவர் தன்னை விலக்கிக்கொண்டு வேறொருவராக நின்று பேசுவது. லத்தீனில் அந்தச் சொல் நாடக நடிகர் அணிந்த முகமூடியைக் குறித்தது. ஆனால் அதை நாளை வகுப்பில் 'முகமூடி' என்று சொன்னால் வழக்கு அந்த மாணவியின் பக்கமே சாய்ந்துவிடும். நம் பேச்சில் முகமூடி கொள்ளைக்காரனுக்கு உரியது. பாத்திரம் என்றால் நாடகத்தோடு நின்றுவிடுகிறது. ஆளுமை என்றால் பொருளே வேறாகிவிடுகிறது. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

தங்கசாலை | செவ்வாய், இரவு 9.25

அம்மா, உங்கள் மாணவி சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். நான் உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வழக்கறிஞரிடம் முப்பது ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்கள் தொழிலில் ஒருவர் இன்னொருவராக நின்று பேசினால் அதற்கு ஆள்மாறாட்டம் என்று பெயர். இறந்துபோன அண்ணன் பெயரில் தம்பி வந்து கையெழுத்துப் போட்டு விற்ற வீட்டைப் பற்றிய கட்டு ஒன்று என் மேசையில் பதினொரு ஆண்டுகள் கிடந்தது. அந்த அண்ணனின் மனைவி வாய்தாவுக்கு வாய்தா வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பார். மதியச் சோற்றைத் தூக்கில் கொண்டுவந்து, பெயர் கூப்பிடும்போது இல்லாமல் போய்விடுவோமோ என்ற பயத்தில் சாப்பிடாமலே திரும்பக் கொண்டுபோவார். அதைப் பார்த்தவனுக்கு 'வேறொருவராகப் பேசுவது' என்பதைக் கலை என்று எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது.

நம் மரபும் என் பக்கம்தான். கூடா ஒழுக்கம் அதிகாரத்தைப் பாருங்கள். மனத்தை அடக்கும் வலிமை இல்லாதவன் தவக்கோலம் பூணுவது, பசு புலித்தோலைப் போர்த்திக்கொண்டு பயிரை மேய்ந்ததைப் போன்றது என்கிறார் வள்ளுவர். வேஷதாரி என்பது நம்மிடம் வசைச்சொல். சாயம் வெளுத்துவிட்டது என்றால் எதைச் சொல்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும்.

காலடிப்பேட்டை வாசகி | செவ்வாய், இரவு 9.50

ஐயா, அந்த அம்மாளை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பதிவு அலுவலகத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு வந்தவர் தம்பி என்று தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பத்திரம் பதிவாகியிருக்காது. கபிலர் பாட்டைக் கேட்டவர்களுக்கோ, பாடுகிறவர் கபிலர், பேசுகிறவள் தலைவி என்பது முதல் அடியிலேயே தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

பெரம்பூர் அடியேன் | செவ்வாய், இரவு 10.15

நம்மாழ்வார் பராங்குச நாயகி ஆகிறார். திருமங்கையாழ்வார் பரகால நாயகி ஆகிறார். பெரியாழ்வார் யசோதையாக நின்று கண்ணனை நீராட அழைக்கிறார். தாய்ப் பாசுரம், மகள் பாசுரம், தோழிப் பாசுரம் என்று பிரித்தே எங்கள் வீட்டில் சொல்லிக்கொடுத்தார்கள். இதற்கு ஆசாரிய ஹிருதயம் என்ற வைணவ நூலில் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் காரணமும் சொல்லியிருக்கிறார்: ஞானத்தில் தம் பேச்சு, பிரேமத்தில் பெண் பேச்சு. தெளிவாக இருக்கும்போது ஆழ்வார் தம் குரலில் பேசுகிறார்; அன்பு மிஞ்சிவிட்டால் தம் குரல் போதாமல் இன்னொரு குரலுக்குப் போகிறார். அம்மாவின் மாணவிக்கு நான் இந்த ஒரு வரியைத்தான் சொல்வேன். மறைத்துக்கொள்வதற்காகப் போட்ட வேடமாக அடியேனுக்கு அது தெரியவில்லை.

சொல்லாய்வு | புதன், காலை 6.40

சொல்லைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. பெர்சோனா என்பதை 'பெர்', 'சொனாரே' என்று பிரித்து, முகமூடியின் வாய்த் துளை வழியே குரல் ஊடுருவி ஒலிப்பது என்று ரோமானியர்களே பொருள் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஔலுஸ் கெல்லியுஸ் இதைக் குறித்துவைத்திருக்கிறார். இன்றைய மொழியியலாளர் பலர் இதை ஏற்பதில்லை. இத்தாலியின் தார்குவினியாவில் கி.மு. ஆறாம் நூற்றாண்டு எத்ருஸ்கக் கல்லறை ஓவியத்தில் முகமூடி அணிந்த ஓர் உருவத்துக்குப் பக்கத்தில் 'ஃபெர்சு' என்று எழுதியிருக்கிறது; வேர் அங்கே இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. வேர் எதுவானாலும், குரலை வைத்துப் பொருள் சொல்லத் தோன்றியிருக்கிறதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

காலடிப்பேட்டை வாசகி | புதன், காலை 7.05

எனக்கும்தான். தமிழில் நாம் முகத்தைப் பிடித்துக்கொண்டு தடுமாறுகிறோம். தொல்காப்பியர் குரலைப் பிடித்தார். யார் யார், எந்த எந்த இடத்தில் பேசலாம் என்று வகுத்தார். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. கூடவே, அகத்திணையில் 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்று ஒரு வேலியும் போட்டார். பேசுகிறவள் எந்த ஊர்ப் பெண், யார் மகள் என்று பெயர் சொல்லக் கூடாது. சொன்னால் அது ஒருத்தியின் கதை. சொல்லாவிட்டால் எவளும் வந்து நிற்கலாம்.

இதே கபிலர் புறத்தில் எப்படிப் பேசுகிறார் என்பதையும் பாருங்கள். பாரி இறந்த பிறகு அவன் மகளிரோடு வெளியேறும்போது பறம்பு மலையைத் தொழுது, கண்ணீரோடு விடைபெற்றுப் போகிறோம் என்கிறார். அங்கே பாரிக்குப் பெயர் உண்டு, மலைக்குப் பெயர் உண்டு, அழுகிறவர் கபிலர். எந்த இடத்தில் தன் குரல், எந்த இடத்தில் பிறர் குரல் என்ற வேறுபாடு அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. ஆகவே பெர்சோனாவுக்கு நம்மிடம் 'கூற்று' என்ற சொல் காத்துக்கிடக்கிறது என்பதே என் கட்சி.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது. மாலையில் வருகிறேன்.

பழைய புத்தகம் | புதன், காலை 10.30

ஒரு சிறு தடை. கூற்றுக் குறிப்புகள் பாட்டைத் தொகுத்தவர்கள் பின்னால் சேர்த்தவை என்பார்கள். தவிர, வேலி எப்போதும் நிற்கவில்லை. வெள்ளிவீதியார் பாடியவை அகப்பாட்டுகள்தாம். ஆனால் அகநானூறு 147இல் ஔவையார், துணையைத் தேடி அலைந்த வெள்ளிவீதியைப் போல நானும் போகவா என்கிறார். அதைப் படித்த பிறகு 'கன்றும் உண்ணாது கலத்தினும் படாது' என்ற பாட்டை அந்த அம்மையாரின் சொந்தத் துயரமாகப் படிக்காமல் இருக்க என்னால் முடிந்ததில்லை.

கொருக்குப்பேட்டை | புதன், பிற்பகல் 2.10

இலக்கியம் அதிகம் படித்ததில்லை. ஆனால் இங்கே பேசப்படுகிற விஷயத்தை எங்கள் தெருவில் நாற்பது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன்.

எங்கள் தெருவில் ஒப்பாரி பாடும் அம்மா ஒருவர் இருக்கிறார். எழுபது வயது தாண்டிவிட்டது. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி வரைக்கும் கூப்பிட்டுப் போவார்கள். சிறு வயதில் அவருக்குத் துணையாக நான் போயிருக்கிறேன். சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் அழ மாட்டார். ஓரமாக நிற்கிற பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்பார்: மகள் இவரை எப்படிக் கூப்பிடுவாள், அப்பா என்றா, நைனா என்றா? மனைவிக்கு என்ன வாங்கிவருவார்? கடைசியாக எதைச் சாப்பிடக் கேட்டார்? நான்கைந்து கேள்விகள், அவ்வளவுதான். பிறகு முடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்து, மனைவியின் தோளில் கை போட்டுக்கொண்டு, "என்னை ஆண்ட ராசாவே" என்று எடுத்தால், அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த அந்த மனைவி உடைந்து அழுவார். அந்த வீட்டில் ஒருவருக்காவது இவர் மனைவி இல்லை என்று தெரியாதா? எல்லாருக்கும் தெரியும். சம்பளம் எவ்வளவு என்றுகூடத் தெரியும். முடிந்ததும் முகத்தைக் கழுவி, முடியை முடிந்து, பணத்தைச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, வழியில் தேநீர் வாங்கிக்கொடுத்து என்னோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டு வருவார்.

அவருடைய கணவர் இறந்தபோது அவர் ஒரு வரியும் பாடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திருவொற்றியூரிலிருந்து வேறொரு அம்மா வந்து, இவர் தோளில் கை போட்டு, இவருடைய 'நான்' ஆகப் பாடினார்.

தங்கசாலை ஐயா, இதை ஆள்மாறாட்டம் என்று சொல்வீர்களா?

செய்யாறு – ராயபுரம் | புதன், மாலை 5.45

கொருக்குப்பேட்டை அண்ணா எழுதியதைப் பஸ்ஸில் படித்தேன். இறங்கியதும் இதை எழுதுகிறேன்.

எங்கள் பூர்வீகம் செய்யாறு பக்கம். தாத்தா காலத்தில் பிழைப்புக்கு ராயபுரம் வந்தோம். பாரதக் கூத்து வைக்கும் மாதத்தில் இன்றும் ஊருக்குப் போகிறோம். கூத்தில் வேடம் கட்டியவர் நேராக வந்து நின்றுவிட முடியாது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். அதற்குப் பின்னால் நின்று, வருவது யார் என்று பாடுவார். திரை விலகியதும் கட்டியங்காரன் விடமாட்டான். நீங்கள் யார், எந்த நாடு, எதற்கு வந்தீர்கள் என்று சபைக்கு முன்னால் கேட்பான். அதற்கெல்லாம் பதில் சொன்ன பிறகுதான் அவர் துரியோதனன். கட்டியங்காரன் ஆடுகளத்திலும் நிற்பான், நம் பக்கத்திலும் நிற்பான்.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது துகிலுரிதல் பார்த்தேன். விடியற்காலை மூன்று மணி இருக்கும். துச்சாதனன் வேடக்காரர் அதுவரை கண்ணை உருட்டி உறுமிக்கொண்டிருந்தார். சேலையைத் தொட வேண்டிய இடம் வந்ததும் நின்றுவிட்டார். தட்டில் கற்பூரம் கொண்டுவரச் சொன்னார். கிரீடமும் புஜக்கட்டையும் அப்படியே இருக்க, அம்மனை நோக்கிக் கைகூப்பி, "தாயே, வயிற்றுப் பிழைப்புக்காக இந்த வேடம் கட்டினேன், இது என் பாவமாக ஆகாமல் பார்த்துக்கொள்" என்றார். பாஞ்சாலி வேடத்தில் நின்றவரும் ஆண்தான், எங்கள் பக்கத்து ஊர்க்காரர். அவர் காலையும் தொட்டுக் கும்பிட்டார். வியர்வையில் மீசை ஓரத்து அரிதாரம் கரைந்து கன்னத்தில் கோடாக இறங்கியிருந்ததைக் கற்பூர வெளிச்சத்தில் பார்த்தேன். கற்பூரம் அணைந்தது. மறுபடி உறுமினார். கூந்தலைப் பிடித்தார். முன்னைவிட அதிகமாகப் பயந்தேன். அவர் நடிகர் என்று அப்போதுதான் அவரே சொல்லியிருந்தார், ஆனாலும் பயந்தேன்.

துறைமுகம், பணிநிறைவு | புதன், இரவு 8.30

தம்பி, அருமை. நாடகத்திலிருந்து கொஞ்சம் பொதுவாழ்வுக்கு வருவோம்.

அண்ணா எழுதிய நாடகத்தில் வி. சி. கணேசன் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடித்தார். பார்த்த பெரியார் அவரைச் சிவாஜி என்று அழைக்க, வேடத்தின் பெயர் ஆளின் பெயராகவே நின்றுவிட்டது. 1935இல் படத்தில் நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். பெண் ஒருவர் ஆண் பக்தராக வந்ததை நம் மக்கள் ஏற்றுக்கொண்டுதான் பார்த்தார்கள். இவையெல்லாம் நமக்குப் புதிது அல்ல. எனக்குக் கேள்வி, மேடையே இல்லாத இடத்தில் வேடம் என்ன ஆகிறது என்பது.

துறைமுகத்தில் எங்கள் சங்கத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். ஒரு வேலைநிறுத்தம் தோற்றுப்போன இரவு அவர் வீட்டுக்குப் போனேன். லுங்கியோடு தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அழுதிருந்தார் என்பது கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. வெளியே பத்துப் பதினைந்து பேர் வந்து கூப்பிட்டார்கள். எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, பொத்தான் எல்லாவற்றையும் போட்டு, அதற்குப் பிறகே கதவைத் திறந்தார். பேசிவிட்டு உள்ளே வந்து என்னிடம் சொன்னார்: "அவர்கள் என்னைப் பார்க்க வரவில்லையப்பா, சங்கத் தலைவரைப் பார்க்க வந்தார்கள்." அந்தச் சட்டையை நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

அவருக்குப் பிறகு வந்தவர் வீட்டிலும் சட்டையைக் கழற்றவில்லை. மகன் கல்லூரிக் கட்டணம் கேட்டால் அவனுக்கும் சொற்பொழிவு. மனைவிகூட 'தலைவர்' என்றே சொல்ல வேண்டும். பதவி போன மறுவருடம் அவரிடம் பேசுவதற்கு ஆளே இல்லை. உள்ளே யாரும் மிச்சம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. பெர்சோனா என்ற சொல்லை உளவியலுக்குக் கொண்டுவந்த யுங் இதையே எச்சரித்ததாகச் சங்க நூலகத்தில் படித்திருக்கிறேன். உலகத்தோடு பழக ஒரு முகம் வேண்டும், ஆனால் அதுதான் நான் என்று நம்பிவிட்டால் ஆபத்து என்று.

அப்படியானால் கழற்றுவதுதான் அளவுகோலா என்று யோசித்தால், காந்தி குறுக்கே வருகிறார். 1921 செப்டம்பரில் மதுரையில் சட்டையையும் தொப்பியையும் விட்டு அரைத்துணிக்கு மாறினார். 1931இல் லண்டனில் மன்னரைப் பார்க்கப் போனபோதும் மாற்றவில்லை. கழற்றவே கழற்றாத அதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

ஒற்றியூரான் | புதன், இரவு 9.20

பெரியவருக்கு வணக்கம். காந்திக்கு முன்னால் பெரிய புராணத்து மெய்ப்பொருள் நாயனாரைக் கேளுங்கள். அவருடைய பகைவன் முத்தநாதன் சிவனடியாரைப் போல நீறு பூசி, சடை முடித்து, ஏட்டுக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வருகிறான். குத்துகிறான். மெய்க்காவலன் தத்தன் வாளை உருவும்போது, 'தத்தா நமர்' என்று தடுத்து விழுகிறார் நாயனார். குத்தியவனை ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய்விடச் சொல்கிறார். அவன் அணிந்திருந்தது திருவேடம். அணிந்தவன் யார் என்பது அவருக்கு இரண்டாவது. வள்ளுவர் புலித்தோலைப் பார்த்து எச்சரிக்கிறார். சேக்கிழார் வேடத்தைக் கும்பிடுகிறார். நம் மரபு ஒரு பக்கம்தான் என்று தங்கசாலை ஐயா சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

தங்கசாலை | புதன், இரவு 10.40

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். கொருக்குப்பேட்டைத் தம்பிக்கு என் பதில்: இல்லை, அது ஆள்மாறாட்டம் இல்லை. அந்த அம்மாவை வணங்குகிறேன்.

சேக்கிழாரைப் பற்றியும் யோசித்தேன். நீதிபதி கறுப்பு அங்கியோடு வந்தால் நாங்கள் எழுந்து நிற்கிறோம். மாலையில் அதே மனிதர் கறிகாய்ப் பையோடு எதிரே வந்தால் வணக்கம் சொல்வோம், அவ்வளவுதான். 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் விக்டோரியா பொதுக்கூடத்தில் வேடம் கட்டினார். சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் உட்கார்ந்தார். கூத்தாடி என்று ஏளனம் செய்த காலம். இரண்டு உடையும் ஒரே உடம்புக்குப் பொருந்தியிருக்கிறது. சட்டத்தில் நபர் என்ற கருத்தே அந்த லத்தீன் முகமூடிச் சொல்லிலிருந்து வந்ததுதான். கோயில் தெய்வத்தையும் சட்ட நபர் என்று ஏற்று, அதன் பெயரிலேயே சொத்தை வைத்திருக்கிறோம்.

ஆனால் ஒன்றை விட மாட்டேன். துச்சாதனன் வேடக்காரர் கற்பூரம் ஏற்றினார். பொதுவாழ்வில் யார் ஏற்றுகிறார்கள்? ஒருவரைப் பற்றி மேடையில் கேவலமாகப் பேசிவிட்டு, மறுநாள் கேட்டால் அது கட்சியின் குரல் என்கிறார்கள். கட்சியைக் கேட்டால் அது அவருடைய சொந்தக் கருத்து என்கிறது. காயம் பட்டவர் எந்தக் கதவைத் தட்டுவார்? கவிஞருக்கு 'கூற்று' என்ற சொல்லைக் கொடுங்கள். இவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

காலடிப்பேட்டை வாசகி | புதன், இரவு 11.15

கொடுக்க மாட்டேன் ஐயா. கட்டியங்காரன் கேட்கும்போது 'நான் யார்' என்று சொல்லாதவருக்கு அந்தச் சொல் போகக் கூடாது. காந்தி கழற்றாததும் இந்த அளவில் எனக்குப் பொருந்துகிறது. ஏன் இந்தக் கோலம் என்று அவர் அன்றே எழுதி வெளியிட்டார். யாருடைய உடையாக அதை உடுத்துகிறார் என்று ஊர் முழுக்கத் தெரிந்தது. திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டுத்தான் வெளியே வந்தார். முத்தநாதன் பாடவில்லை.

செய்யாற்றுத் தம்பி பயந்ததாக எழுதிய அந்தக் கடைசி வரியை நாளை வகுப்பில் படித்துக்காட்ட அனுமதி வேண்டும்.

செய்யாறு – ராயபுரம் | வியாழன், காலை 6.20

தாராளமாகப் படியுங்கள் அம்மா.

காலடிப்பேட்டை வாசகி | வியாழன், மாலை 6.00

படித்தேன். ஒப்பாரி அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அந்த மாணவி ஒன்றும் பேசவில்லை. ஏற்றுக்கொண்டாளா என்று தெரியவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசிப் பாடவேளையில் எல்லாரையும் ஐந்து வரி எழுதச் சொன்னேன், யாருடைய குரலிலும் எழுதலாம், மேலே கூற்று இன்னாருடையது என்று குறிக்க வேண்டும் என்று. அவள் தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. விடியுமுன் ஏலக்கூடத்தில் ஐஸில் கை வைத்து மீன் பொறுக்கும் ஒரு பெண் பேசுகிறாள். விரல் மரத்துப்போனதைச் சொல்கிறாள். வீட்டில் தூங்கும் மகள் எழுந்ததும் தன் கையை முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வாளே என்கிறாள். தாளின் மேலே முதலில் 'மகள் கூற்று' என்று எழுதி, அடித்துவிட்டு, 'தாய் கூற்று' என்று எழுதியிருக்கிறாள்.